பெட்டியில் போட்ட எண்

ஹவல்லியில் வாங்கியது. முப்பத்தெட்டு தினார்.
பில் போட்ட ஷம்சீர்
பெட்டியின் மூலையை நகத்தால் தட்டிக் காட்டினான்:
ஆறாயிரம்.
வெள்ளி எழுத்து, சாய்ந்த எழுத்து,
அலமாரியில் இருக்கும்போதே ஓடுகிற மாதிரி.

அறைக்கு வந்து மாட்டினால்
திரை சொல்கிறது
நாலாயிரத்து எண்ணூறு.

ஃபர்வானியாவில் இந்த அறை பாதி எனக்கு, பாதி லூர்துராஜுக்கு.
நடுவில் பிளைவுட்.
அதற்கும் கூரைக்கும் இடையே ஒரு முழம் திறப்பு.
அவன் பக்கத்து ஏசியின் காற்று
அந்த வழியாகத்தான் எனக்கு வரும்,
அவன் குறட்டையும்.

விற்றவன் ஏமாற்றவில்லை.
அந்த எண்ணை நாமே போய் எழுப்ப வேண்டுமாம்.
டெலீட்டை அழுத்திக்கொண்டே ஆன் செய்,
பயாஸுக்குள் போ,
அணைந்து கிடக்கும் ப்ரொஃபைலை ஏற்று,
எஃப் பத்து.

திரை கறுத்தது.
ஃபேன்கள் மட்டும் சுற்றின.
போர்டின் ஓரத்தில் மஞ்சளாய் ஒரு பொட்டு.
நாற்பது விநாடி பொறுத்தேன்.
செத்துவிட்டது என்று நானே முடிவுகட்டி
பிளக்கைப் பிடுங்கினேன்.

மூன்று தடவை இப்படி.
கழற்றி, ஊதி,
இரண்டாவது நாலாவது பள்ளத்தில்
காது நொடிக்கிற சத்தம் வரும்வரை அழுத்தி,
எட்டணாக் காசு போலிருந்த பேட்டரியை நெம்பி எடுத்து
பத்து நிமிடம் சட்டைப்பையில் வைத்திருந்து,
திரும்பப் போட்டு.

ராத்திரி பதினொன்றரைக்கு ஷம்சீரை அழைத்தேன்.
எதையோ மென்றுகொண்டே சொன்னான்:
"அண்ணா, அது செத்ததில்லை. படிக்குது. தொடாதீங்க."

ஒவ்வொரு தடத்திலும் செய்தி
எவ்வளவு பிந்தி வருகிறது என்று
தானே அனுப்பி, தானே கேட்டு,
தானே குறித்துக்கொள்கிறதாம்.
முதல் தடவை நேரமாகுமாம்.
மூன்று தடவையும்
பாதிப் பாடத்தில் விளக்கை அணைத்தவன் நான்.

கைகளைத் தொடைக்கடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.
ஆறு நிமிடம்.
இவ்வளவு நேரம் எதையும் செய்யாமல்
இந்த நாட்டில் நான் இருந்ததில்லை.

ஆறாயிரம்.

ஒன்பதாயிரம் போல்ட் உள்ள பைப் ரேக்கின் மாடலைத் திறந்து
சுழற்றிப் பார்த்தேன், காரணமே இல்லாமல்,
தலைகீழாக, பக்கவாட்டில்.
எங்கும் திக்கவில்லை.
மெமரி டெஸ்டை ஓடவிட்டுத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஏசி நின்றது.
வெளியே நாற்பத்தொன்பது.
மூன்று மணிக்குத் திரையில் சிவப்பாய் ஒரு வரி,
பிறகு நெல் கொட்டினாற்போல் வரிகள்:
போட்டு வைத்தது ஒன்று, எடுத்துக் கொடுத்தது வேறு.

தலையில் ஈரத்துண்டோடு லூர்துராஜ் வந்து நின்றான்.
ரிஃபைனரியில் பன்னிரண்டு வருஷம், பம்ப் பார்க்கிறவன்.
"எங்க பம்ப்லயும் தகடு அடிச்சிருப்பான்ல,
மணிக்கு இவ்வளவுன்னு.
பொய்யில்ல.
எங்கயோ குளுந்த ஊர்ல, ஃபேக்டரில, ஒரு நாளு
அது அவ்வளவு தள்ளியிருக்கும்.
நீ அம்பத்தாறுல வையி."

வைத்தேன்.
டெஸ்ட் நாலு சுற்றும் சுத்தமாக முடிந்தது.
வேலைக்கு அது போதும். ரேக் சுழன்றது.
ஆனாலும் பெட்டியைக் குப்பையில் போடவில்லை.
சாய்ந்த எழுத்து தெரிகிற மாதிரி
பிளைவுட்டின் மேல் வைத்தேன்;
காற்றை மறிக்கிறது என்று அவன் இறக்கிவிட்டான்.
மறுபடி வைத்தேன்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி
பிளைவுட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டான்,
"ஒன்கிட்ட இன்னொரு போர்வை இருக்கா?"

மேல் வழியாக எறிந்தேன்.
டெலீட்டை அழுத்தினேன்.
திரை கறுத்தது.
மஞ்சள் பொட்டு.